டம்ளரை மூடிய கை

பாஸ்கர்,

சாப்பிடாமல் போய்விட்டாய். போ. தட்டில் பிசைந்த சோறு அப்படியே கிடக்க, செருப்பை மாட்டிக்கொண்டு, "உனக்கு எங்க வேலையைப் பத்தி ஒண்ணுமே தெரியாதும்மா" என்று வாசலில் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். நான் பின்னாலேயே ஓடிவந்து கூப்பிடுவேன் என்று தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். ஜன்னல் வழியாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிடவில்லை. கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சர் நான். வாயில் ஒழுங்காக வராததைக் கையால் எழுதிவிடுவேன். உட்கார்ந்து முழுசாகப் படி. படித்துவிட்டு உன் ஆபீஸில் இருக்கிற எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நீ ஆசையோடுதான் வந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. மாவட்டத்தில் செய்தி அதிகாரியாகச் சேர்ந்து முதன்முதலாக நீயே தயாரித்த அறிக்கை. பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து, "அம்மா, தமிழ் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாரேன்" என்று நீட்டினாய். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெருமையாகத்தான் வாங்கினேன். நகரின் சில பகுதிகளில் வயிற்றுப்போக்கு பரவுவதாக வரும் வதந்திகளை நம்ப வேண்டாம். குழாய்த் தண்ணீர் மாதிரிகள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளன. பொதுமக்கள் பீதி அடையத் தேவையில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது. "வதந்தியா? நிஜமாவே யாருக்கும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். நீ சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "கொஞ்சம் பேர் ஆஸ்பத்திரில இருக்காங்கம்மா. தண்ணியிலதான் ஏதோ பிரச்சினைன்னு எங்களுக்கும் தோணுது. ஆனா ரிசல்ட் வராம எப்படிச் சொல்றது? வெள்ளிக்கிழமை தேரு. இப்பப் போய்த் தண்ணி சரியில்லைன்னு சொன்னா ஊரே கலவரமாயிடும். தேர் நிலைக்கு வரட்டும், அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு மேல சொல்லிட்டாங்க" என்றாய்.

பக்குவமாக! அதற்கு அடுத்து நீ சொன்ன இன்னொரு வார்த்தையில்தான் எனக்குத் தலைக்கேறியது. அந்த வார்த்தையைக் கடைசியில் சொல்கிறேன். தாளைக் கசக்கி உன் மேல் எறிந்தேன் அல்லவா, அது உன் மேல் எறிந்தது மட்டும் இல்லை. அந்தத் தாளில் இருந்த வார்த்தைகளை நான் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன். உன் அப்பா வாந்திபேதியில் போனார் என்று உனக்குத் தெரியும். எப்படிப் போனார் என்று நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அப்பா இல்லாத பிள்ளை, மனசில் விஷம் ஏற வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இப்போது நீயே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு அதே அறிக்கையை எழுதுகிறாய். இனி எதற்கு மூடி வைப்பது?

நீ அப்போது ஒன்றாம் கிளாஸ். பம்மலில் தோல் கம்பெனிகள் ஓஹோவென்று ஓடிய காலம். நம் வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டால் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வரும். வெள்ளை வேட்டியைத் துவைத்தால் பழுப்பாகித்தான் கொடிக்குப் போகும். அதனால் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் தெருக்குழாய்தான் கதி. அனகாபுத்தூர்ப் பக்கம் ஆற்றோரத்திலிருந்து வரும் தண்ணீர் அது. நம் காலனிக்கு வருவதற்கு முன் ஒரு சாக்கடைக் கால்வாயைத் தாண்டி வரும். அந்த வருஷம் ஆடி பிறந்ததும் சாயங்காலம் தவறாமல் மழை. குழாயில் முதலில் கலங்கலாக வந்தது, பிறகு ஒரு வாடை. அங்கொருவர் இங்கொருவர் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அந்த மைக் ஆட்டோவை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டெண்ட் கொட்டகையில் புதுப்படம் வந்தாலும் அதே ஆட்டோதான், சேலைக் கடைக்குத் தள்ளுபடி என்றாலும் அதே ஆள்தான், அதே குரல்தான். "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. குடிநீர் முற்றிலும் பாதுகாப்பானது. எனினும் குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பது நல்லது. யாரும் பீதி அடையத் தேவையில்லை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தெரு திரும்பியதும் பாட்டுப் போட்டுவிட்டான். பூக்காரி கன்னியம்மா நம் வாசலில்தான் கூடையை இறக்கி வைத்திருந்தாள். பழைய கிராமத்துக்காரி, எல்லையம்மன் கோயிலுக்குப் பின்னால் வீடு, வாய் என்றால் எட்டு ஊருக்குக் கேட்கும். "இன்னா டீச்சர் இது? தண்ணி நல்லா கீதுன்றான். அப்பால காய்ச்சுன்றான். நல்லா கீற தண்ணிய இன்னாத்துக்குக் காய்ச்சணும்? ரெண்டுல ஒண்ணு சொல்லித் தொலைக்க மாட்டானா கஸ்மாலம்?" என்றாள். நான் சிரித்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த அறிவிப்பில் இருந்த முழுக் கோளாறையும் அவள் ஒருத்திதான் நடுத்தெருவில் நின்று சொன்னாள்.

உன் அப்பாவுக்கு ரூல் என்றால் ரூல்தான். பல்லாவரத்தில் ரயில் ஏறிப் பாரிமுனையில் ஒரு கம்பெனிக்குக் கணக்கெழுதப் போகிற மனிதர். மைக்கில் சொன்னதும் ஸ்டவ்வைப் பற்றவைத்து, தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, துணியில் வடிகட்டிப் பானையில் ஊற்றி மூடினார். வெளியே போகும்போதுகூட வாட்டர் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டார் கேலி செய்தார்கள். "சொல்றவன் சும்மாவா சொல்லுவான்?" என்பார். சொல்கிறவன் மேல் அவ்வளவு நம்பிக்கை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை பாஸ்கர். நம்பாதவர்கள் தெருவில் ஆயிரம் பேர் இருந்தார்கள். சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்பி நடந்தவர் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லையம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். காலனிக்காரர்கள் அங்கே வரமாட்டார்கள், கௌரவம். உன் அப்பா எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பார். "கூழுக்கு என்னடி கௌரவம்? ஒரு வருஷம் காத்துக்கிட்டிருக்கேன்" என்பார். என் கிளாஸ் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள், "டீச்சர் கையால ஊத்துங்க" என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிடுவார்கள். கூழ் எப்படிச் செய்கிறார்கள் என்று நீ பார்த்திருக்கிறாய். முந்தின நாளே கேழ்வரகு மாவையும் நொய்யையும் போட்டுக் கெட்டியாகக் கிண்டி வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் அண்டாவில் போட்டு, மோர் விட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கையால் கரைப்பார்கள். கழுத்தில் வேப்பிலை செருகிய அந்தக் குடங்கள் எல்லாம் நேராகத் தெருக்குழாயிலிருந்து வந்தவை. யாருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, காய்ச்சிக் காய்ச்சிப் பானையில் ஊற்றிய உன் அப்பாவுக்கும் உறைக்கவில்லை. குடிநீரைக் காய்ச்சு என்றார்கள், காய்ச்சினோம். கூழ் அம்மனுடையது, அடுப்பில் வெந்தது. அதைக் கரைக்கிற தண்ணீரை யார் குடிநீர் என்று நினைப்பார்கள்? ஆடி மாசத்தில் இந்த ஊரில் தண்ணீர் எதெதில் கலக்கிறது என்று தெரிந்த ஒருத்தர் அந்த அறிவிப்பை எழுதியிருந்தால், முதல் வரியே கூழைப் பற்றித்தான் இருந்திருக்கும்.

இதுவரைக்கும் தெரியாமல் நடந்தது என்று விட்டுவிடலாம். இனிமேல் சொல்வதை விட முடியாது. கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோது சுகாதார அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து அடிக்க வந்தால் வீட்டு வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உனக்குத் தடுப்பூசி போட்டு நீ அழுதபோது சட்டைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தவர். விழாக்காரர்கள் அவருக்கு மாலை போட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நானே ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்து, சொம்பைச் சாய்த்தேன். அவர் சட்டென்று உள்ளங்கையை டம்ளரின் வாய் மேல் வைத்து மூடினார். "வேண்டாம்மா, எனக்கு இன்னிக்கு வயிறு சரியில்லை" என்றார். "கொஞ்சமா, பிரசாதம் சார்" என்றேன். கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் அம்மன் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உன் அப்பா பக்கத்தில்தான் நின்றார். "சார் பங்கையும் எனக்கே ஊத்து" என்று சிரித்துக்கொண்டே தன் டம்ளரை நீட்டினார். ஊற்றினேன். குடித்தார். மறுபடியும் நீட்டினார், ஊற்றினேன். அந்த அதிகாரி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

உனக்கும் ஒரு வாய் கொடுத்தேன். "புளிக்குது" என்று வேப்பமரத்தடியில் துப்பிவிட்டாய், முதுகில் ஒன்று வைத்தேன். எனக்கு மிச்சம் வருவதற்குள் அண்டா காலி. நாம் இரண்டு பேரும் பிழைத்துக் கிடப்பது இந்த இரண்டு காரணத்தால்தான். வேறு எந்த அதிகாரியாலும் இல்லை, எந்த அறிக்கையாலும் இல்லை.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் எழுந்து உட்கார முடியவில்லை, கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பால் வேன்காரர் ஒருத்தர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் வராந்தா முழுக்க எங்கள் ஊர் முகங்கள். கன்னியம்மாவின் புருஷன் ஒரு பாயில், அவள் அண்ணன் மகள் இன்னொரு பாயில். டாக்டர் சின்னப் பையன், என் மேலேயே எரிந்து விழுந்தார். "தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு மைக்ல சொன்னாங்களே, காதுல விழலையா?" நான் சொன்னேன்: "காய்ச்சாம ஒரு வாய் குடிக்க மாட்டார் சார். பாட்டில்ல எடுத்துக்கிட்டுப் போற மனுஷர்." "அப்ப வெளியில என்ன சாப்பிட்டார்?" "ஒண்ணும் இல்லை. கோயில்ல கூழ் மட்டும்தான்." அவர் பேனாவை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவைப் பார்த்தார். ஒவ்வொரு பாயாகப் போய், "நீங்களும் கூழா? நீங்களும் கூழா?" என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் அவர் பின்னாலேயே நடந்தேன். எனக்கு அப்போதுதான் அந்தக் கை ஞாபகம் வந்தது. டம்ளர் மேல் வைத்த கை. உன் அப்பா பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

துக்கம் கேட்க அந்த அதிகாரி வந்தார். வராமல் இருந்திருக்கலாம். வந்தார், கூடத்தில் தரையில் உட்கார்ந்தார், தலையைக் குனிந்துகொண்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னிக்கு உங்களுக்கு நிஜமாவே வயிறு சரியில்லையா சார்?" என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார்: "தண்ணியில சாக்கடை கலந்திருக்குன்னு சனிக்கிழமையே தெரிஞ்சு போச்சும்மா. திருவிழா முடியட்டும், இப்பச் சொன்னா பீதியாயிடும், அம்மன் கூழைத் தடுத்தோம்னு கலாட்டா ஆயிடும்னு மேல சொல்லிட்டாங்க. நான் என்ன செய்ய முடியும்?" நான் கேட்டேன்: "என் வீட்டுக்காரர் டம்ளரை நீட்டும்போது உங்க கை சும்மாதானே இருந்தது? அது மேல ஒரு நிமிஷம் வெச்சிருக்கக் கூடாதா? வாயைத் திறக்க வேணாம் சார். கையை வெச்சா போதாதா?" அவர் அழுதார். பெரிய மனுஷர், குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. "எழுந்து போங்க" என்றேன்.

அவர் அழுதது பொய் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டவன் ஒருத்தன் செய்திருந்தால், கெட்டவன் என்று காறித் துப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மிட்டாய் கொடுத்த மனுஷர் அவர். உன்னை மாதிரி நல்ல மனுஷர். மேலே சொல்லிவிட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டு, தன் டம்ளரை மட்டும் மூடிக்கொண்டார்.

பீதி, பீதி என்கிறாயே, ஜனங்கள் எப்போது பீதி அடைகிறார்கள் என்று நீ எங்கே பார்த்தாய்? நான் பார்த்தேன், கேள். அடுத்த ஞாயிறு ஆற்றுப்பக்கத் தெருவில் இன்னொரு கோயிலுக்குக் கூழ். நம் ஊரில் அவ்வளவு சாவு விழுந்த பிறகும் மைக் ஆட்டோவில் "வயிற்றுக் கோளாறுகளுக்கு வேறு காரணங்கள் உள்ளன, பீதி வேண்டாம்" என்றுதான் சொல்லிக்கொண்டு போனான். ஊரில் ஆளுக்கொரு பேச்சு. அம்மன் கோபம் என்றார்கள், தோல் கம்பெனி விஷம் என்றார்கள், எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்றுகூடச் சொன்னார்கள். அதுதான் பீதி! வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் வளர்த்துவிட்ட பீதி. கூழுக்கு முந்தின நாளே அங்கே கிளம்பினேன். உன் அப்பாவுக்கு இன்னும் காரியம்கூட முடியவில்லை. உன் அத்தை வாசலில் கையை விரித்து மறித்தாள். "அண்ணன் போன ஈரம் காயல, கோயில் பக்கம் போறியா அண்ணி? ஊர் சிரிக்கும்" என்றாள். "ஊர் உசிரோட இருந்தாத்தானே சிரிக்கும்" என்று அவளைத் தள்ளிவிட்டுப் போனேன்.

அங்கே அடுப்பு மூட்டி மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். விழா நடத்துகிற பெரிய மனிதர், அரிசி மண்டிக்காரர், முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். "இன்னாம்மா டீச்சர், இந்த நேரத்துல இங்க வரலாமா?" நான் நேராகச் சொன்னேன். "குழாய்த் தண்ணியில சாக்கடை கலந்திருக்கு. என் வீட்டுக்காரரைக் கொன்னது கூழைக் கரைச்ச அந்தத் தண்ணி. அதிகாரிக்கே தெரியும், என்கிட்ட சொன்னார். நாளைக்கு இதே தண்ணியில கரைச்சா இங்கயும் பாய் விரிக்க வேண்டியதுதான்." அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆத்தாளுக்கு ஊத்துற கூழை நிறுத்தச் சொல்றியா நீ?" "நிறுத்தச் சொல்லல. கரைக்கிற தண்ணியைக் காய்ச்சி ஆற வெச்சு ஊத்துங்கன்னு சொல்றேன்."

யாராவது கத்தினார்களா? கூட்டம் ஓடியதா? கலாட்டா ஆனதா? ஒன்றும் ஆகவில்லை. கன்னியம்மா அங்கே வந்திருந்தாள். அவள் புருஷனும் அண்ணன் மகளும் அன்றைக்கும் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார்கள். எழுந்து வந்து என் எதிரே நின்றாள். "இத்த மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு அவனுங்களுக்கு இன்னா கேடு? எங்களை இன்னான்னு நெனச்சிகினு கீறானுங்க? ஆடு மாடுன்னா?" என்று கத்தினாள். உடனே குரலை மாற்றிக்கொண்டு, "டீச்சர், எவ்ளோ நேரம் காய்ச்சணும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கேள்வி. வெங்காயம் கழுவுகிற தண்ணீர்? மோர் விளாவுகிற தண்ணீர்? கை கழுவாமல் கரைக்கலாமா? டம்ளர் அலசுகிற பக்கெட்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்னதற்கு யாரும் என்னை அடிக்க வரவில்லை. ஒருத்தி போய் அந்தச் சின்ன டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வீடு விறகு வந்தது, பெரிய பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்தது. அரிசி மண்டிக்காரரே மேல்சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்பில் விறகு தள்ளினார். "காலைல ஊத்த வேண்டியது சாயங்காலம்தான் ஊத்த முடியும். ஆத்தா ஒண்ணும் கோச்சுக்க மாட்டா" என்றார். மறுநாள் சாயங்காலம் ஊற்றினார்கள். அந்தத் தெருவிலிருந்து ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

இப்போது சொல், எனக்கு உன் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாதா? ரிசல்ட் வரவில்லை என்கிறாய். சரி, வரவில்லை என்றே சொல்லேன்! எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது, இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, தெரிகிற வரைக்கும் இப்படி இப்படி ஜாக்கிரதையாக இருங்கள், தெரிந்த அன்றைக்கே வந்து சொல்கிறோம் என்று சொல்ல என்ன தடை? சந்தேகம் உங்களுக்கு மட்டும் சொந்தமா? வயிறு அவர்களுடையது. ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும்போது வதந்தி என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? பக்கத்து வீட்டில் வாந்தி எடுக்கிறவனைக் கண்ணால் பார்த்தவன், உன் அறிக்கையைப் படித்துவிட்டு இனி நீ சொல்கிற எதையும் நம்பமாட்டான். அப்புறம் நீ நிஜத்தைச் சொன்னாலும் கஸ்மாலம் என்றுதான் சொல்வான். நம்புகிறவன் உன் அப்பா மாதிரிச் செத்துப்போவான்.

அப்புறம், எழுதுவதற்கு முன் தெருவில் இறங்கி நடந்து பார். உன் ஊரில் தேருக்கு என்னென்ன கொடுப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா? தண்ணீர்ப் பந்தலில் நீர்மோர் கொடுப்பார்கள், பானகம் கரைப்பார்கள். ஐஸ் வண்டி வரும், சர்பத் கடை போடுவார்கள். வடம் பிடிக்கிறவன் வெயிலில் எதை நீட்டினாலும் வாங்கிக் குடிப்பான். "குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளாதே. மோருக்கு, பானகத்துக்கு, ஐஸுக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொல். தேரை நிறுத்தச் சொல்லாதே, எப்படி நடத்துவது என்று சொல். யாரோ மைக் ஆட்டோக்காரனை அனுப்பாதே. பந்தல் போடுகிறவர்கள் வீட்டுக்கு நீயே போ. திட்டுவார்கள். திட்டட்டும். திட்டிவிட்டு எவ்வளவு நேரம் காய்ச்சணும் என்று கேட்பார்கள் பார்.

கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா, அந்த வார்த்தைக்கு வருகிறேன். தாள் இன்னும் என் கையில் இருந்தபோதே நீ இடது கையால் என் தோளைத் தொட்டுச் சொன்னாய்: "தேருக்குக் கண்டிப்பா வாம்மா, நம்ம வீட்டு மாடியிலேர்ந்தே பார்க்கலாம். ஆனா ஒண்ணு, வெளியில எங்கேயும் தண்ணி, மோர் எதுவும் வாயில வெச்சிடாதே. உனக்குன்னு பாட்டில் தண்ணி வாங்கி வெச்சிருக்கேன்."

பாசமாகத்தான் சொன்னாய். எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் என் கண் முன்னால் நீ இல்லை பாஸ்கர். எல்லையம்மன் கோயில் வாசலில் மாலையோடு உட்கார்ந்திருந்த அந்த மனுஷர்தான் இருந்தார். அவர் தன் டம்ளரை மூடினார். நீ உன் அம்மாவின் டம்ளரையும் சேர்த்து மூடுகிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். உன் ஊரில் எத்தனை அம்மா இருக்கிறார்கள்? அவர்களுக்கெல்லாம் பாட்டில் யார் வாங்கி வைத்திருக்கிறார்கள்?

நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வராதே. உன் மாடிக்கு வரமாட்டேன். நேராகத் தேரடிக்குப் போய், தண்ணீர்ப் பந்தலில் ஜனங்களோடு வரிசையில் நிற்பேன். அங்கே கொடுக்கிற மோரை வாங்கிக் குடிப்பேன். காய்ச்சின தண்ணீரில் விளாவின மோரா, குழாயிலிருந்து பிடித்ததா என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அதைக் கேட்க வேண்டியது நான் இல்லை. அதற்குள் நீ வாயைத் திறந்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால், நான் டம்ளரை நீட்டும்போது வந்து எல்லோர் முன்னாலும் உன் கையை அதன் மேல் வை. வைத்தால் ஏன் என்று பின்னால் நிற்கிறவர்கள் கேட்பார்கள். அப்போதாவது சொல்.

இப்படிக்கு,
அம்மா